மணி அடிக்காத பேச்சு

வீப்கே ஹின்ரிக்ஸனின் வகுப்பு மேசையில் ஒரு பித்தளை மணி உண்டு. லாட்ஜ் வரவேற்பில் உள்ளங்கையால் தட்டி ஆளைக் கூப்பிடுவார்களே, அந்த வகை. ஜெர்மனியில் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்துக்குப் பின்னால், மீன் ரொட்டிக் கடையின் மாடியில், வெளிநாடுகளிலிருந்து வந்த நர்சுகள் அந்த மணிக்குப் பயந்துகொண்டே ஜெர்மன் படித்தார்கள்.

எல்லாம் அந்த மொழியின் வாலால் வந்த வினை. நமக்கு நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடு, நல்ல வீட்டில் என்று எங்கே போனாலும் 'நல்ல' நல்லதாகவே இருக்கும். ஜெர்மனில் அப்படி நடக்காது. பின்னால் வருவது ஆணா, பெண்ணா, இரண்டும் இல்லாததா, அது செய்கிறதா, செய்யப்படுகிறதா, முன்னால் 'ஒரு', 'அந்த' என்று காவலுக்கு யார் நிற்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் 'நல்ல' தன் வாலை, அதாவது கடைசியில் ஒட்டும் எழுத்தை, முடிவு செய்யும். மொத்தம் ஐந்தே வால்கள். எது எங்கே என்று படிவதற்குள் தலை நரைத்துவிடும். மேசையை ஆணென்றும் கதவைப் பெண்ணென்றும் சிறுமியை இரண்டுமில்லை என்றும் வைத்திருக்கிற மொழியிடம் நியாயம் பேசிப் பயனில்லை.

அங்கேயே பிறந்தவர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. ஏன் இந்த வால் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ஆனால் தப்பு வால் காதில் விழுந்தால் முகம் லேசாகச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை வீப்கே சின்ன வயதிலேயே பார்த்தவள். அவள் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். வீட்டில் கரையோரத்துப் பழைய பேச்சுதான். அந்தப் பேச்சு வால்களை அவ்வளவாக மதிப்பதில்லை. அதே நாக்கோடு வீப்கே பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய் வாயைத் திறந்தாள். அவள் சொன்ன ஒரு வாக்கியத்தை வகுப்புப் பெண்கள் வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டிச் சிரித்தார்கள். வால் தப்பினால் நீ என்ன சொன்னாய் என்பது யார் காதிலும் ஏறாது, நீ யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் ஏறும் என்று அன்று முடிவு கட்டினாள். ஆஸ்பத்திரியில் போய்ச் சிரிப்பு வாங்குவதைவிட இங்கே தப்புக்கு ஒரு மணி வாங்கட்டும் என்பது அவள் எண்ணம். நல்ல எண்ணம்தான். பிள்ளையார் பிடிக்கப்போன எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் போகிறார்கள்.

வகுப்பில் மணி அடித்தால் எல்லோரும் சிரிப்பார்கள். தப்பு செய்தவர் திருத்திச் சொல்ல வேண்டும். துனீசியாவிலிருந்து வந்த மொன்செஃப்தான் மணிக்கு முக்கிய வாடிக்கையாளர்.

"மணிக்கு லீவே கிடையாதா டீச்சர்? பாவம், காலையிலேருந்து எனக்காக மட்டுமே உழைக்குது" என்பான்.

"நீங்க வாயை மூடினாதான் அதுக்கு லீவு மொன்செஃப்" என்பாள் வீப்கே. அவன் வாயை மூடுகிற ஜாதி இல்லை.

ருசான்னா வேறு மாதிரி. ஆர்மீனியாவில் கியும்ரி என்ற ஊரில் அறுவை சிகிச்சை வார்டில் இருபது வருஷத்துக்கு மேல் நர்சாக இருந்தவள். வீப்கேயைவிடப் பத்து வயது மூத்தவள். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. குளிப்பாட்டலாம், ஊட்டலாம், படுக்கையில் புரட்டிவிடலாம். ஊசி போடக்கூடாது, புண்ணுக்குக் கட்டுப் போடக்கூடாது. அங்கே இருந்த ஒரு தாத்தா அவளை "சிஸ்டர்" என்று கூப்பிட்டபோது, மேலாளர் அம்மா அவர் காதருகே குனிந்து, "இவங்க சிஸ்டர் இல்ல, வெறும் ருசான்னாதான்" என்று திருத்தினாராம். அதை வகுப்பில் சொல்லும்போது ருசான்னா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மறுபடி நர்சாக வேண்டுமென்றால் நர்சுகளுக்கான மொழித் தேர்வில் தேற வேண்டும். நோயாளியிடம் பேசிக் காட்டவேண்டும். அடுத்த ஷிஃப்டில் வருபவரிடம் நோயாளியை ஒப்படைக்கிற பேச்சையும் பேசிக் காட்டவேண்டும். இரண்டு முறை தோற்றிருந்தாள். இரண்டு முறையும் தேர்வாளர்கள் எழுதியது ஒன்றுதான்: பேச்சு தடுமாறுகிறது. மூன்றாவது கடைசி. இதிலும் போனால் குளிர்காலம் முடிவதோடு இல்லத்தின் ஒப்பந்தமும் போகும், அதோடு கட்டிவைத்த குடியிருப்பு அனுமதியும் போகும்.

"தடுமாற்றத்துக்குக் காரணம் இந்த வாலுதான் டீச்சர்" என்றாள் முதல் வாரமே. "எனக்கு மட்டும் ரெண்டு மடங்கு அடிங்க. பாவம் பாக்காதீங்க."

வீப்கே பாவம் பார்க்கவில்லை. ஒவ்வொரு மணிக்கும் ருசான்னாவின் காது வரை சிவக்கும். மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பாள், திருத்திச் சொல்வாள், நெற்றியைத் துடைத்துக்கொள்வாள்.

சில வாரங்களில் அவள் ஒரு சந்து கண்டுபிடித்தாள். 'சிவந்த புண்' என்றால்தான் வால் வேண்டும். 'புண் சிவப்பு' என்று பெயரை முன்னால் விட்டுவிட்டால் அந்த மொழியிலும் வால் வேண்டாம். ருசான்னா அந்தச் சந்திலேயே போய் வர ஆரம்பித்தாள். வீப்கே அதற்கும் மணி அடித்தாள்.

"இது ஓடி ஒளியற வேலை ருசான்னா. 'நாய் பெருசு, பந்து சிவப்பு'ன்னு மூணு வயசுக் குழந்தை பேசற மாதிரி இருக்கு. தேர்வாளர் அரை நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவார்."

வகுப்பு சிரித்தது. "பந்து சிவப்பு" என்று யாரோ மழலையில் சொல்லிப் பார்த்தார்கள். ருசான்னாவும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு மணிச் சத்தம் மெல்லக் குறைந்தது. நவம்பரில் ஒரு நாள், காலை தொடங்கி வகுப்பு முடியும்வரை ருசான்னாவுக்கு ஒரு மணிகூட விழவில்லை. மறுநாளும் விழவில்லை. வீப்கே வெண்ணெய் கேக் சுட்டு எடுத்து வந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். பன்னிரண்டு வருஷமாகப் பாடம் எடுக்கிற வீப்கேக்கு இப்படி ஒரு மாணவி வாய்த்ததில்லை. கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. ருசான்னா கேக்கை மென்றபடி, "நன்றி டீச்சர். கேக் சாப்பிடறேன்" என்றாள். அதிலும் தப்பில்லை.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் ஒத்திகை வைத்தார்கள். கேட்பதற்கு லூர்ஸ் சிஸ்டர் வந்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நடத்தி ஓய்வு பெற்றவர், தேர்வாளர் நாற்காலியிலும் உட்கார்ந்து பழகியவர். நனைந்த மழைக்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "மொயின்" என்று பொதுவாக ஒரு வணக்கம் சொன்னார். காபி எங்கே என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

எல்லோருக்கும் ஒரே படம்தான். இடுப்பு எலும்பு அறுவை முடிந்து படுத்திருக்கும் ஒரு முதிய பெண். படத்தைப் பார்த்து, டூட்டிக்கு வந்த லூர்ஸ் சிஸ்டரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மொன்செஃப் முதலில் போனான். "வயசான அம்மா. வெளுத்த மூஞ்சி, ஈரமான நெத்தி" என்பதற்குள் மூன்று மணி விழுந்தது. லூர்ஸ் சிஸ்டர் திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டினார்.

"அந்த மணியைக் கொஞ்சம் விடும்மா. எனக்கு அவர் பேசறது கேக்கல."

வீப்கே கையை மடியில் வைத்துக்கொண்டாள். மொன்செஃப் தன் பாட்டுக்குப் போனான். "தடிச்ச இடது காலு, பளபளன்னு இழுத்துக் கட்டின மாதிரி தோலு. புண்ணுலேருந்து மஞ்சத் தண்ணி, கெட்டியான தண்ணி. எனக்கு அந்தக் காலு பிடிக்கல சிஸ்டர்." வால் ஒன்றுகூட இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. லூர்ஸ் சிஸ்டர் தலையை ஆட்டி ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்து ருசான்னா எழுந்தாள். முதுகை நிமிர்த்தி நின்றாள்.

"நோயாளி ஒரு பெண். அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. காலில் ஒரு புண் இருக்கிறது. கட்டு மாற்றினேன். நோயாளிக்கு வலி இருக்கிறது. தண்ணீர் குடித்தார். மருந்து சாப்பிட்டார்."

கண்ணாடி மாதிரி சுத்தமான ஜெர்மன். வகுப்பு கை தட்டியது. வீப்கே பெருமையோடு லூர்ஸ் சிஸ்டரைப் பார்த்தாள்.

லூர்ஸ் சிஸ்டர் பேனாவால் கன்னத்தைச் சொறிந்தார். "தப்பே இல்ல" என்றார். "ஆனா யாரும்மா அந்த அம்மா? என்ன வலி? எந்த மாதிரிப் புண்ணு? நீங்க பாட்டுக்கு டூட்டி முடிச்சு வீட்டுக்குப் போயிட்டீங்க. நான் என்னத்தைத் தெரிஞ்சுக்கிட்டு அந்த ரூமுக்குள்ள போறது? முன்னாடி வந்தவர் பேசுறப்ப என் கை தானா டாக்டருக்குப் போன் போடப் போச்சு. நீங்க பேசுறப்ப, சரி, இன்னொரு காபி குடிக்கலாம்னு தோணுது."

"கொஞ்சம் பதட்டமா இருக்காங்க" என்றாள் வீப்கே.

"பதட்டமா இருந்தா உளறுவாங்கம்மா. இவங்க உளறல. உள்ள வெச்சுப் பூட்டியிருக்காங்க."

ருசான்னா படத்தை மேசையில் வைத்தாள். லூர்ஸ் சிஸ்டரைப் பார்க்காமல் வீப்கேயைப் பார்த்துப் பேசினாள்.

"நான் பாத்தேன் டீச்சர். அந்தக் காலை மொதல்ல பாத்ததே நான்தான். 'சிவந்த'ன்னா மணி அடிக்கும். 'வீங்கின'ன்னா மணி அடிக்கும். 'கால்'னா அடிக்காது. 'புண்'ணுன்னா அடிக்காது."

"அதனால?"

"அதனால புண்ணுன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கறேன்."

"வகுப்புல மட்டும்தானே?" என்றாள் வீப்கே. குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

ருசான்னா இல்லை என்று தலையாட்டினாள். "போன வாரம் ஹோம்ல ஒரு தாத்தா. அவர் மூச்சு விடற விதம் எனக்குப் பிடிக்கல. எப்படிப் பிடிக்கலைன்னு எனக்கு நல்லாத் தெரியும். டூட்டிக்கு வந்த பொண்ணுகிட்ட, 'அவர் மூச்சு விடறார்'னு சொன்னேன். 'ரொம்ப சந்தோஷம்'னுட்டு அவ போயிட்டா. அப்புறம் நானே ஓடிப்போய் அவ கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து கட்டில்கிட்ட நிறுத்தினேன். காட்டறதுக்கு வாலு வேண்டாமே."

"அவர் எப்படி இருக்கார்?" என்று கேட்டார் லூர்ஸ் சிஸ்டர்.

"பொழைச்சுக்கிட்டார்."

லூர்ஸ் சிஸ்டர் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் வீப்கேயின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டல் திட்டைவிட மோசமாக இருந்தது.

அன்று மாலை வீப்கே காலியான வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் ஞாபகம் வந்தது. ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது ருசான்னா எழுந்து, கருத்த கல் வீடுகளையும் அவற்றின் மேல் விழுந்த பெரும்பனியையும் சொன்னாள். எல்லா வாலும் தப்பு. ஆனால் வகுப்பே ஒரு நிமிஷம் அந்தத் தெருவில் நின்றுவிட்டு வந்தது. அந்தப் 'பந்து சிவப்பு' நாளுக்குப் பிறகு எத்தனையோ வாரம். இந்தப் பெண் எதையும் கருத்தது, சிவந்தது, சூடானது, புளித்தது என்று சொல்லவே இல்லை. கேக்கைக்கூட வெறும் கேக் என்றுதான் சாப்பிட்டாள். அதற்குத்தான் கை தட்டியிருக்கிறார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்பார்களே, அதை ஊர் மெச்ச நடத்தி, கேக்கும் சுட்டுக் கொடுத்திருக்கிறாள். வீப்கேக்கு அழுகை வந்தது, அழுதாள்.

மறுநாள் மணியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அதோடு சரியாகிவிடும் என்று நினைத்தாள். ருசான்னா எழுந்து, மணி இருந்த இடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நோயாளி ஒரு ஆண். கையில் ஒரு புண் இருக்கிறது" என்றாள். அடுத்த நாளும் அதே. தப்பாகவே பேசுங்கள், பரவாயில்லை என்று வீப்கே கெஞ்சிப் பார்த்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேயை ஓட்டிவிட்டேன் என்று சொன்னால் போதுமா?

தேர்வுக்கு முந்தைய மாலை மற்றவர்களை அனுப்பிவிட்டு, வீப்கே அலமாரியைத் திறந்து மணியை எடுத்தாள். ருசான்னாவின் முன்னால் வைத்தாள்.

"இன்னைக்கு நீங்க அடிங்க" என்றாள். "நான் ஒப்படைக்கறேன். ஒரு தப்புகூட விடாதீங்க."

"நான் எப்படி டீச்சர் உங்களுக்கு?"

"அடிங்க. நிறைய வரும்."

வீப்கே கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, பெரிய பள்ளிக்கூடத்தில் கழற்றி வைத்த நாக்கை எடுத்து மாட்டிக்கொண்டாள். அப்பாவின் நாக்கு. வால்கள் எல்லாம் ஒன்றாக மழுங்கி, கேட்டால் பள்ளிக்கூடப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற பேச்சு. வாயில் முதலில் கூச்சமாக இருந்தது.

"எங்கப்பா. நான் சின்னப் பொண்ணு. கப்பல்லேருந்து எறக்கின பெரிய மரப்பெட்டி, கயிறு அறுந்து அவர் காலு மேல விழுந்துச்சு. நான் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். பெட்டியைத் தூக்கினாங்க. காலு காலு மாதிரி இல்ல. நீலம் பாரிச்ச காலு. பாதம் தப்புப் பக்கம் பாத்துட்டு இருந்துச்சு. அவர் கத்தல. சாம்பல் மூஞ்சி, காஞ்ச உதடு. என்னைப் பாத்து, 'சூப்பு கொட்டிடாம வெச்சுட்டுப் போ'ன்னார்."

மணி அடிக்கவில்லை. ருசான்னா மேசை மேல் சாய்ந்து முன்னால் வந்திருந்தாள். அவள் முகத்தில் மாணவி இல்லை. கியும்ரி வார்டின் நர்ஸ் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"கிழிஞ்ச தோலா, நசுங்கின தோலா?" என்றாள்.

"நசுங்கினது. கொஞ்சம் கிழிஞ்சும் இருந்துச்சு."

"பாதம் சூடான பாதமா, குளிர்ந்த பாதமா? தொட்டீங்களா?"

"தொட்டேன். சில்லுன்னு இருந்துச்சு."

"வெள்ளை விரலா?"

"வெள்ளை விரல்."

"ரத்தம் போகல" என்றாள் ருசான்னா. "எங்க வரைக்கும் எடுத்தாங்க?"

வீப்கே தன் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். கீழே மீன் ரொட்டிக் கடையில் ஷட்டரை இழுத்துவிடுகிற சத்தம் கேட்டது.

"நீங்க ஒரு மணிகூட அடிக்கல" என்றாள் வீப்கே.

ருசான்னா மணியைப் பார்த்தாள். அது தன் கையருகே இருப்பதே அப்போதுதான் தெரிந்த மாதிரி பார்த்தாள். "மறந்துட்டேன் டீச்சர். காலைப் பாத்துட்டு இருந்தேன்."

"கிழிஞ்ச, நசுங்கின, சூடான, குளிர்ந்த. நீங்க எத்தனை தப்பு விட்டீங்க தெரியுமா?"

"எத்தனை?"

"நானும் அடிக்கல" என்றாள் வீப்கே.

தேர்வு பிரேமன் நகரத்தில். வீப்கே லீவு போட்டுவிட்டுக் கூடவே ரயிலில் போனாள். மொன்செஃப் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பியிருந்தான். வழியெல்லாம் ருசான்னா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பழத்தைத் தொடவில்லை.

தேர்வு அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. கதவு மெல்லியது. வீப்கே உட்கார்ந்தாள். நோயாளியிடம் பேசுகிற பகுதி முணுமுணுப்பாகப் போயிற்று, ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு நாற்காலி இழுபட்டது. ருசான்னாவின் குரல் தனியாக எழுந்தது.

"நோயாளி ஒரு ஆண்" என்றது குரல். அங்கேயே நின்றது.

வீப்கே பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். வயிற்றில் ஒரு புண் இருக்கிறது, மருந்து சாப்பிட்டார், எல்லாம் சரி, வணக்கம். குளிர்காலம் முடிந்ததும் கியும்ரிக்கு விமானம். உள்ளே யாரோ இருமினார்கள். நிறுத்திவிடாதே, ருசான்னா. எதையாவது உளறு.

"கல்லு மாதிரி வயிறு சிஸ்டர்" என்றது குரல். வால் தப்பு. "மேல இறுகின தோலு." தப்பு. "பழுப்பான, கெட்ட வாடை வாந்தி." இரண்டும் தப்பு. வீப்கேயின் உள்ளங்கை முழங்கால் மேல் தானாக அழுந்தியது. பன்னிரண்டு வருஷப் பழக்கம், கேட்குமா? அவள் அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். குரல் நிற்கவில்லை. "பயந்த கண்ணு. அவர் சொல்லமாட்டார், ஆனா பயந்த கண்ணு. முட்டியை மடக்கிட்டு ஒருக்களிச்சுப் படுத்திருக்கார், நேராப் படுக்க முடியல. நீங்க வர்றதுக்குள்ள நான் டாக்டரைக் கூப்பிட்டுட்டேன். காத்திருக்கல."

எந்த இடத்தில் வால்கள் காதில் விழுவது நின்றது என்று வீப்கேக்குத் தெரியவில்லை. அந்த வயிற்றின் மேல் கை வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. ருசான்னா வெளியே வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். காதோரத்து முடி வேர்வையில் ஒட்டியிருந்தது. பொட்டலத்தைப் பிரித்து ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாள்.

"கேட்டீங்களா டீச்சர்?"

"கேட்டேன்."

"எத்தனை மணி?"

"எண்ணல" என்றாள் வீப்கே. "நான் அந்த ஆளோட வயித்தைப் பாத்துட்டு இருந்தேன்."

ருசான்னா கொட்டையைத் துப்பி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவளையே பார்த்தாள். அப்போது கதவு மறுபடி திறந்தது. தேர்வாளர்களில் மூத்தவர் தலையை நீட்டினார்.

"தேறிட்டீங்க. இலக்கணம் படுமோசம், அதை மெதுவாப் பாத்துக்கங்க. ஒரு கையெழுத்து மட்டும் வேணும், உள்ள வாங்க சிஸ்டர்."

அவர் யாரைக் கூப்பிடுகிறார் என்று ருசான்னா பின்னால் திரும்பிப் பார்த்தாள்.